அமலோற்பவம் மேல படிஞ்ச கரி

இந்தப் பைய மட்டும் கீழ வைக்கச் சொல்லாத தங்கச்சி, மடியிலயே இருக்கட்டும். உள்ள இருக்கது அப்பிடி, கால் படக்கூடாது. நீ வேணும்னா ஜன்னல் பக்கமா நகந்து உக்காரு. தூத்துக்குடி போய்ச் சேருத வரைக்கும் நேரம் கெடக்கு.

என்ன, என் கையப் பாக்கியா? எல்லாரும்தான் பாக்காவ. அந்தக் கண்டக்டர் தம்பி டிக்கெட்ட என் கையில குடுக்காம பை மேல வச்சிட்டுப் போறான். சொறி சிரங்குலாம் இல்லம்மா. கரி. கடலுக்குப் போற போட்டுக் கரி. டீசல் புகை படிஞ்சா அப்பிடித்தான், சோப்பு போட்டாச்சு, எலுமிச்சம்பழம் தேச்சாச்சு, நகக்கண்ணுல ஏறுனது ஏறுனதுதான். அதுவும் யாரு போட்டுக் கரி? என் நாத்தனா போட்டுக் கரி. சிரிக்காத. நாத்தனா போட்டோட பின்பக்கத்த ஒருத்தி ஒக்காந்து தேய்க்கான்னா அவ எம்புட்டு நல்லவளா இருக்கணும்னு யோசி. நான் என்னைய மெச்சிக்கிடல. உள்ளதச் சொல்லுதேன்.

என் பேரு அமலோற்பவம். மாசில்லாமப் பொறந்தவன்னு அர்த்தம், மாதாவோட பேரு. எங்களுக்கு ஒரு விசைப்படகு இருக்கு. மீன்பிடிக்கப் போற பெரிய போட்டு. அதுக்கும் அமலோற்பவம்னுதான் பேரு. எங்க வீட்டு ஆளு வச்சது. போட்டு கட்டி எறக்கும்போது அவரு தங்கச்சி செலஸ்டினா, அவதான் என் நாத்தனா, "அம்மா பேர வையிண்ணே, செத்துப்போன அம்மாவுக்கு நீ வேற என்னத்தச் செஞ்ச"ன்னு ஒத்தக் கால்ல நின்னா. எங்க ஆளு வாயத் தொறந்து பேசுதவரே இல்ல. பெர்க்மான்ஸ்னு பேரு, ஆனா ஊருல ஊமையன்னுதான் சொல்லுவாவ. அன்னைக்கு மட்டும், "எம் பொண்டாட்டி பேருதான்"னுட்டாரு. அவ்வளவுதான் பேச்சு. பெயிண்டரு ஏணி வச்சு, பின்பக்கம் வெள்ளைப் பலகையில அந்தக் கோடியிலேந்து இந்தக் கோடி வரைக்கும் நீல எழுத்துல எழுதுனான். என் பேரு என்ன சின்னப் பேரா? பலகையே பத்தல. நான் துறையில நின்னுக்கிட்டு ஓன்னு அழுதுட்டேன். பொறந்த வீட்டுலயும் சரி, வந்த வீட்டுலயும் சரி, என்னைய யாரும் முழுப் பேரு சொல்லிக் கூப்பிட்டது கெடையாது. ஏ அமலி, ஏட்டி, இந்தா பாரு. இப்ப கப்பல்ல போறவன்லாம் முழுசா வாசிப்பான்ல?

செலஸ்டினாவுக்கு அன்னைக்குப் பிடிச்ச வயித்தெரிச்சல். இத்தனைக்கும் அவ வீட்டுக்காரருக்கும் தனியா ஒரு போட்டு இருக்கு. பால் மாதிரி வெள்ளையா வச்சிருப்பா. அப்புறமும் அடுத்த வீட்டுச் சோத்துலதான் கண்ணு.

இரு, துணி வெசயத்தச் சொல்லாம கதை நகராது.

எங்க ஊருல மாதா திருவிழா முடிஞ்சதும், சுரூபத்துக்கு, அதான் மாதா சிலைக்கு, சாத்துன பட்டுச் சேலைய வெட்டி ஒவ்வொரு போட்டுக்கும் ஒரு துண்டு குடுப்பாவ. அதப் போட்டோட அணியத்துல கட்டணும். அணியம்னா முன்னால மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும்லா, அது. கட்டுனா அந்த வருசம் பூரா மாதா கூடவே வருவாவ, கண்ணு படாது, காத்து அண்டாது. போன வருசத் திருவிழாவுக்கு எனக்கு முந்தானைத் துண்டு கெடச்சது. கெட்டி ஜரிகை. கண்ணுல ஒத்திக்கிட்டுப் போட்டுக்குக் கொண்டு போறேன், அங்க பாத்தா அணியத்துல ஏற்கெனவே ஒண்ணு ஆடுது! செலஸ்டினா கட்டிட்டா. அவளுக்குக் கெடச்ச துண்ட அவ போட்டுல கட்டாம, என் போட்டுல வந்து கட்டிருக்கா. கேட்டா, "எங்க அண்ணன் போட்டுதான மைனி, தங்கச்சி கட்டக் கூடாதா?"ன்னு மொகத்தப் பாவமா வச்சிக்கிட்டுக் கேக்கா. மாதா துணிய அவுத்து எறிய முடியுமா சொல்லு. பாவம்லா. அவ போட்டு ஒண்ணும் கட்டாம மொட்டையாக் கெடந்தது, அதப் பத்தி அவளுக்குக் கவலையே இல்ல.

நான் அசருவேனா? யோசிச்சேன். அணியம் என்ன, வெறும் மரம். போட்ட ஓட வைக்குது எது? இன்ஜின். நேரா எறங்கி இன்ஜின் ரூமுக்குப் போனேன். டிரைவர் அப்பதான் ஸ்டார்ட் பண்ணி விட்டிருந்தான். இன்ஜின் மேல தகரத் தொப்பி மாதிரி ஒண்ணு இருக்கும், அதுக்கு அடியில காத்த இழுக்குத வாய் இருக்கும். சும்மா கையக் கொண்டு போனேன், வெடுக்குன்னு உள்ளங்கைய இழுக்கு! எனக்குப் புல்லரிச்சிப் போச்சு. இங்கதாம்ட்டி உயிரு இருக்குன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு, இன்ஜின அமத்தச் சொல்லி, துண்ட நாலா மடிச்சு, அந்த வாயச் சுத்தி நைலான் கயித்தால இறுக்கிக் கட்டுனேன். காத்தே தட்டுத்தடுமாறித்தான் நுழையணும், அப்புறம் கண்ணு எங்கிட்டு நுழைய?

என்ன? என்ன சொல்ல வாற? இரு, சொல்லி முடிச்சிருதேன். எடையில பேசுனா எனக்கு மறந்துரும்.

டிரைவர் பாத்துட்டு "என்னக்கா இது"ன்னான். "மாதா துணி"ன்னேன். நெத்தியில சிலுவை போட்டுக்கிட்டான். அப்புறம் ஒருத்தன் அத அவுக்கணும்னு கைய வைக்கணுமே! எங்க ஆளுகூட தெனமும் கடலுக்குப் போறதுக்கு முன்ன அதத் தொட்டு முத்திட்டுத்தான் இன்ஜின எடுக்கச் சொல்லுவாரு.

நல்லாத்தான் இருந்தது. ஆனா கண்ணுன்னு ஒண்ணு இருக்கே. கட்டுன அன்னைக்கு சாயங்காலமே போட்டு திரும்பி வருது, துறையில நிக்கேன், என் பேரக் காணோம். புகைக்குழாய் பின்பக்கம் என் பேருக்கு நேர் கீழ இருக்கு பாத்துக்கோ. ஒரு நாளும் அப்பிடிப் புகைஞ்சது கெடையாது. அன்னைக்கு பலகை முழுக்க அட்டக் கரி. கொழகொழன்னு, எண்ணெயும் கரியுமா, தொட்டா ஒட்டிக்கிடும். மறுநாளும் அப்பிடி. அதுக்கு மறுநாளும் அப்பிடி. "என்னன்னு தெரியல, இழுவையே இல்ல, டீசல் வேற கூடக் குடிக்கு"ன்னு எங்க ஆளு சொன்னாரு. அவரு இம்புட்டு பேசுனதே பெரிய வெசயம்.

நான் விடல. தெனமும் போட்டு வந்து கட்டுனதும் வாளியோட எறங்கிருவேன். மண்ணெண்ணெயில துணிய முக்கித் தொடச்சா கரி எளகும், அப்புறம் சோப்புத்தூள். எளகும்னுதான் சொன்னேன், போவும்னு சொல்லல. தேங்காநாரு, புளி, சாம்பல், பல் வெளக்குத பேஸ்ட்டு வரைக்கும் போட்டுப் பாத்தாச்சு. எழுத்து லேசா மூஞ்சியக் காட்டும், அடுத்த நாள் திரும்பக் கறுத்துரும். ஏலக்கூடத்துல மீன் வாங்க வாறவள்லாம், "என்ன அமலி, புருசன் கறிக்கடை வச்சிட்டாரா, கரிக்கடை வச்சிட்டாரா"ன்னு கேலி. இவளுவளாவது பரவால்ல. செலஸ்டினா ஒருநாள் அத்தனை பேரு முன்னாடி, "மைனி, ஒங்க மூஞ்சி என்ன இப்பிடிக் கறுத்துப் போச்சு? நான் போட்டச் சொன்னேன்"ங்கா. எனக்கு அப்பிடியே கூடைய அவ தலையில கவுத்தணும்போல இருந்தது. கவுக்கல. கூடையில நல்ல வெளமீன் இருந்தது.

மெக்கானிக்கக் கூப்பிட்டோம். இசக்கிமுத்துன்னு, நல்ல வேலக்காரன்தான், ஆனா கை முழங்கை வரைக்கும் கிரீஸ். அந்தக் கையோட மாதா துணியத் தொட்டான்னா? அதனால அவன் வாறதுக்கு முன்ன நான் போய்த் துணிய அவுத்து, மடிச்சு, மடியில வச்சிக்கிட்டேன். அவன் வந்தான், எதையெல்லாமோ கழட்டுனான், மாட்டுனான், ஸ்டார்ட் பண்ணி அலைதடுப்புச் சுவரு வரைக்கும் ஓட்டிட்டு வந்தான். ஒரு பொட்டுப் புகை இல்ல! "இன்ஜின் கல்லு மாதிரி இருக்குக்கா"ன்னான். சரின்னு அனுப்பி வச்சிட்டு, துணியத் திரும்பவும் பத்திரமாக் கட்டுனேன். மறுநாள் போட்டு வருது, கரி. திரும்பக் கூப்பிட்டோம். துணிய அவுத்தேன். வந்தான், பாத்தான், ஓட்டுனான், புகையே இல்ல. போனான், கட்டுனேன், கரி. "அக்கா, ஒங்க போட்டு என்னையக் கண்டா மட்டும் ஒழுங்கா இருக்கு, இனிமே என்னையக் கூப்பிடாதிய"ன்னு கும்பிடு போட்டுட்டான். மெக்கானிக்க வச்சுக் கண்டுபிடிக்க முடியலன்னா அப்புறம் அது என்ன? நீயே சொல்லு. கண்ணேறு. அதுல என்ன சந்தேகம்?

தண்ணி வேணுமா? எதுக்கு இருமுத? சரி, குடி.

இந்த லட்சணத்துல திருவிழா வந்துட்டு. திருவிழா அன்னைக்கு மாதாவ ஒரு போட்டுல ஏத்திக் கடல்ல பவனி கொண்டு போவாவ. எந்தப் போட்டுன்னு சீட்டுக் குலுக்கிப் போடுவாவ. எத்தனையோ வருசமா எங்க பேரு வந்ததே இல்ல. இந்தத் தடவை சின்னப் பிள்ளை ஒண்ணு சீட்ட எடுத்து, எழுத்துக் கூட்டி வாசிக்கி: "அ... ம... லோ..." எனக்குக் காலு தரையில நிக்கல. மாதாவ ஏத்துத போட்டுதான் முன்னால போவும், ஊருல உள்ள அத்தனை போட்டும் பின்னால வரும். அப்பம் அத்தனை பேரும் எதப் பாத்துக்கிட்டு வரணும்? என் பேர! அது மட்டுமா. எந்தப் போட்டுல மாதா போறாவளோ அந்த வீட்டுப் பொம்பளைதான் அந்த வருசச் சேலையப் பங்கு வைக்கணும். அம்புட்டு மரியாதை.

எந்திரிச்சாரு திருவிழாக் கமிட்டித் தலைவரு மச்சாது அண்ணன். "பெர்க்மான்ஸ் போட்டு கரியடிச்சுக் கெடக்கு. மாதாவுக்கு வெள்ளைப் பட்டு சாத்துதோம். பவனியில கரி பறந்து மேல விழுந்தா யாரு பதில் சொல்ல? சனிக்கிழமை சாயங்காலம் நாங்க துறையில நின்னு பாப்போம். போட்டு சுத்தமா வந்தா சரி. இல்லைன்னா ரெண்டாவதா எடுத்த சீட்டுக்காரருக்குப் போயிரும்"னாரு. ரெண்டாவது சீட்டு யாருக்கு? கேக்கணுமா. செலஸ்டினாவுக்கு. அவ தலையக் குனிஞ்சுக்கிட்டுச் சிரிக்கா. சத்தியமாச் சிரிச்சா.

அன்னைக்கு நான் சாப்பிடல. எங்க ஆளு தட்டக் கொண்டாந்து பக்கத்துல வச்சிட்டு, "பேர வேணும்னா திரும்ப எழுதிக்கிடலாம்"னாரு. எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துட்டு. எழுதுதது பெரிசா? ஒருத்தி பேரு ஊரே பாக்க முன்னால போகணும்னு ஒரு வாட்டி வந்த சான்சு. அதப் போயி அவ தட்டிக்கிட்டுப் போனா நான் எப்பிடித் தாங்குவேன்?

முடிவு கட்டுனேன். கண்ணு வச்சவ காலடி மண்ணு எடுத்துச் சுத்திப் போட்டாத்தான் சரிப்படும். சனிக்கிழமை காலைல செலஸ்டினா ஏலக்கூடத்துலேந்து வீட்டுக்கு நடக்கா, நான் பின்னாலயே நடக்கேன். அவ காலு வச்ச எடத்துல குனிஞ்சு ஒரு சிட்டிகை மண்ண அள்ளி முந்தானையில முடியுதேன். டக்குனு திரும்பிட்டா! "என்ன மைனி தேடுதிய?" "கம்மல் திருகாணி விழுந்துட்டுட்டி"ன்னேன். ஐயோ பாவம்னு அவளும் கூடையக் கீழ வச்சிட்டு, வெயில்ல முட்டி போட்டு மண்ணத் தடவித் தடவித் தேடுதா. என் ரெண்டு காதுலயும் திருகாணி இருக்கு. அவ நிமிந்து பாக்கவே இல்ல. நானும் காத முந்தானையால மூடிக்கிட்டுத் தேடுனேன்.

அந்த மண்ணு, உப்பு, வத்தல் எல்லாத்தையும் சேத்துப் போட்டோட பின்பக்கத்தச் சுத்திக் கடல்ல போட்டேன். கூடவே பலகையையும் தேய்தேய்னு தேச்சேன். அப்பதான் நெனப்பு வந்தது, மாதா வரப்போற போட்டுல பழைய துணி டீசல் நாத்தத்தோட கெடக்கலாமா? அவுத்துக் கொண்டு போயித் தொவைச்சேன். தண்ணி கருகருன்னு போகுது. அம்மாடி, எம்புட்டுக் கண்ண இது வாங்கி வச்சிருக்குன்னு கும்பிட்டு, கொடியில காயப் போட்டேன். காயுததுக்கு நேரமாயிட்டு. அதுக்குள்ள போட்டு கெளம்பிப் போச்சு. துணி இல்லாமப் போகுதேன்னு ஜெபமாலைய எடுத்து உருட்ட ஆரம்பிச்சிட்டேன்.

சாயங்காலம் மச்சாது அண்ணன், கமிட்டிக்காரவ, செலஸ்டினா, ஊரே துறையில நிக்கி. போட்டு வருது. திரும்பி முதுகக் காட்டுது. வெள்ளைவெளேர்னு பலகை! நீலத்துல பளிச்சுன்னு என் பேரு! பாத்தியா? காலைல சுத்திப் போட்டேன், சாயங்காலம் பலிச்சிட்டு. மாதா துணி இல்லாமலே பலிச்சிருக்குன்னா நான் சுத்திப் போட்டது எம்புட்டு வேகமா வேலை செஞ்சிருக்கணும்!

பவனி அன்னைக்குத் தொவைச்ச துணிய மாதா காலடியில மடிச்சு வச்சிட்டேன். மாதா ஏறுனாவ. வேட்டு, மேளம், பின்னால அத்தனை போட்டு. நான் கடைசிப் பலகைக்குப் பக்கத்துல உக்காந்து பின்னால வாறவுகளப் பாத்துக்கிட்டே வந்தேன். பின்போட்டுல ஒரு சின்னப் பையன் சத்தமா வாசிக்கான், "அமலோற்பவம்!"னு. இன்னும் காதுலயே நிக்கி அது. இதுக்கு மேல எனக்கு என்ன வேணும் சொல்லு.

கரையெறங்குதேன், செலஸ்டினா நிக்கா. சண்டைக்குத்தான் வந்துட்டான்னு நான் சேலைய எடுத்துச் செருகுதேன். அவ ஒரு பொட்டணத்தக் கையில வைக்கா. திருகாணி. "எங்கெங்கயோ தேடிட்டேன் மைனி, கெடைக்கல. என்னோடது ஒண்ணு கெடந்தது, இத வச்சுக்கோங்க. திருவிழாவும் அதுவுமா ஒத்தக் காதோட நிக்காதிய"ங்கா. அப்பிடியே கட்டிப்பிடிச்சு அழுதுட்டேன். அவளும் அழுதா. நாத்தனான்னாலும் ரத்தம்லா, அதாவது அவருக்கு ரத்தம்.

அந்த மனசுல அவளுக்கு நான் என்ன குடுக்க? யோசிச்சேன். அவ போட்டுல மாதா துணியே கெடையாது. என் துணிய, மாதா காலடியில வச்ச அதே துணிய, எடுத்துக்கிட்டு அவ போட்டுக்குப் போனேன். என் கையாலயே அவ இன்ஜின் வாயில, நாலா மடிச்சு, இறுக்கிக் கட்டிவிட்டேன். அவ கண்ணுல தண்ணி.

இப்பம் கேளு அநியாயத்த. மறுநாளே அவ போட்டு கரி! பால் மாதிரி இருந்த போட்டு, அடுப்படி மாதிரி ஆயிட்டு. நான் சிரிக்கல தங்கச்சி. வெளிய சிரிக்கல. ஊருக்கே கண்ணு வச்சா அது திரும்பி வீட்டுக்குத்தான வரும்னு மனசுக்குள்ள நெனச்சேன், அவ்வளவுதான். ஆனா செலஸ்டினா என்ன சொல்லிக்கிட்டுத் திரியுதா தெரியுமா? அமலி மைனி கண்ணு பட்டுட்டாம்! என் கண்ணாம்! என் மடியில இருந்த மாதா துணிய எடுத்துக் குடுத்தவ நான். நெஞ்சே ஆறலம்மா.

அதனாலதான் மீன்பிடித் தடைக்காலத்துல போட்டெல்லாம் கட்டிக் கெடக்கும்போது நானே வாளிய எடுத்துக்கிட்டு அவ போட்டத் தேய்க்கப் போனேன். "ஏட்டி, கண்ணு வைக்கிறவ கரியத் தொடைப்பாளா, நீயே சொல்லு"ன்னேன். அவளும் வந்து கூடத் தேய்ச்சா. ஒரு வாரம் ரெண்டு பேரும் தேய்ச்சோம், கதை பேசுனோம், மாமியாரப் பத்திப் பேசுனோம். நல்லாத்தான் இருந்தது. அந்தக் கைதான் இது.

ஆனா ஊரு வாய அடைக்கணும்லா. கண்ணு வச்சது நானும் இல்ல, அவளும் இல்லன்னு காட்டணும்லா. இந்த வருசச் சேலையப் பங்கு வைக்குத உரிமை எனக்குத்தான. யோசிச்சேன். அணியத்துல கட்டச் சொல்லிக் குடுத்தா காத்துல பிஞ்சு போயிரும், யாருக்கு லாபம்? பாளையங்கோட்டையில என் தங்கச்சி தையல் மிஷின் வச்சிருக்கா. அவகிட்டக் கொண்டு போயி, ஒவ்வொரு போட்டுக்கும் ஒரு துண்டு, கீழ உள்பாவாடைத் துணி வச்சு ரெட்டையாத் தச்சு, சுத்தி லாஸ்டிக் வச்சு... இந்தா, தொட்டுப் பாரு. தொப்பி மாதிரி இருக்கா? இன்ஜின் வாயில இப்பிடி மாட்டுனா கச்சிதமாப் பிடிச்சிக்கிடும். செலஸ்டினா போட்டுக்கு மட்டும் மூணு அடுக்கு. அவ போட்டுக்குக் கண்ணு கூடுதல்லா.

இப்பம் சொல்லு, ஏறுனதுலேந்து சொல்லணும் சொல்லணும்னு வாயத் தொறந்து தொறந்து மூடுத. என்னது? இன்ஜின் மூச்சு விடணுமா?

அதத்தானம்மா நானும் இம்புட்டு நேரமாச் சொல்லுதேன்! மூச்சு விடுத எடத்துலதான கண்ணு பூந்துரும். பரவால்லியே, ஒனக்கும் வெவரம் தெரியுது. ஸ்கூட்டி வச்சிருக்கியா? வேண்டாம்னு சொல்லாத, இந்தா, ஓரத்துல மிஞ்சுன துண்டு, பத்திரமா வச்சுக்கோ.

எறங்குத எடம் வந்துட்டு. நாளைக்குத் தடைக்காலம் முடியுது, காலைல மொத்தப் போட்டும் ஒண்ணாக் கடலுக்குக் கெளம்புது. இன்னைக்கு சாயங்காலமே எல்லாப் போட்டுலயும் நானே எறங்கி மாட்டிவிட்டுருவேன். மச்சாது அண்ணன் ஜெபம் சொல்லுவாரு, நாங்க பொம்பளையள்லாம் துறையில வரிசையா, போட்டுகளுக்குப் பின்னால நின்னு வழியனுப்புவோம். நீயும் அவசியம் வந்துரு தங்கச்சி. ஆனா ஒண்ணு, கண்டிப்பாச் சொல்லி வச்சிருக்கோம். எல்லாரும் வெள்ளைச் சேலைதான் கட்டிட்டு வரணும்.